சொல்லாமல் வந்தேன்

1983 நவம்பர் 2, புதன்

நாடுவிட்டு வந்து நான் துப்புரவு வேலை செய்யும் அமெரிக்கப் படை ஆஸ்பத்திரியில், பெய்ரூட் குண்டுவெடிப்பில் காயப்பட்ட மரைன் படைப் பொடியன் இன்று பின்னேரம் இறந்துவிட்டான். இருபது வயது. உடலைக் கொண்டுபோனபோது தாதிமார் வரிசையாக நின்றார்கள். நானும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நின்றேன்.

அவனுடைய தாய் ஒரு கிழமையாகக் கட்டிலருகிலேயே இருந்தவர். தரை துடைத்து முடித்ததும், "நாளைக்கு வாறன்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். இன்று அவரே என் கையைப் பிடித்து, "நாளைக்கு வருவாயா?" என்று கேட்டார். நான் வாய் திறக்காமல் வந்துவிட்டேன்.

கூட வேலை செய்யும் மலர் அக்காவிடம் பஸ்ஸில் சொன்னேன்.

"செத்த வீட்டில 'போயிட்டு வாறன்' எண்டு சொல்லக்கூடாதெல்லே. நீ செய்தது சரிதான்."

"அது அந்த மனுசிக்குத் தெரியுமே, அக்கா?"



ஆடியில் ஊரில் தம்பியின் உடலை எடுத்த அன்றும் எல்லாரும் அம்மாவிடம் சொல்லாமல்தான் போயிருப்பார்கள். ஒவ்வொருவராக எழும்பிப் போக, அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பா.

அப்படி எழும்பிப் போகக்கூட நான் அங்கே இருக்கவில்லை.