லீவுக்காக நான் செத்தது

அன்பு மகன் பாக்கியராஜுக்கு எளாவூரிலிருந்து அம்மா ஞானம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் மூச்சு விட்டுக்கினு சௌக்கியம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமா இருக்கணும்னு என் ஜெபம். முதல்ல சந்தோஷ சமாச்சாரம். உன் மகன் அன்பு பாலிடெக்னிக்ல எல்லாப் பாடமும் பாஸ், இந்தத் தெருவுல அரியர் இல்லாத ஒரே பையன் அவன்தான்னு ஊர் பூரா நானே சொல்லிட்டேன். உன் மகள் ஜெபா கம்பெனியில வேகமா வயர் கட்டி டிபன் பாக்ஸ் பரிசு வாங்கினா, மூடி சரியா மூடல, இருந்தாலும் பரிசு பரிசுதான். உன் தங்கச்சி விக்டோரியா மகன் நடக்கிறான், விழுறான், விழுறதும் அழகாத்தான் விழுறான்.

ஜெபா சங்கதி ஒண்ணு இருக்கு, அவ உன்கிட்ட சொல்லியிருக்கமாட்டா. அவ கம்பெனியில துளசிராமன்னு ஒரு சூப்பர்வைசர் இருந்தான். பர்மனென்ட் ஆளுங்க மாமியாருக்குக் காதுகுத்துன்னு சொன்னாலும் லீவு குடுப்பான். கான்ட்ராக்ட் பொண்ணுங்க ஜுரம்னு நின்னா, வேலை செய், வேர்த்து இறங்கிடும்பானாம். சாவுன்னா மட்டும் விடுவான். அதனால அந்த லைன்ல எல்லாப் பொண்ணுங்க ஆயாவும் செத்துட்டோம். ஜெபாவுக்கு ஜுரம் வந்தப்ப நான் மாரடைப்புல போனேன். கேட்டதும் எனக்குச் சிரிப்புதான், அந்த ஆளுக்கு உண்மை ஒரு கேடான்னேன். அப்புறம் அவனை மாத்திட்டாங்க, திலகவதின்னு ஒரு மேடம் வந்தாங்க. பர்மனென்ட், கான்ட்ராக்ட் யாரா இருந்தாலும் முதல்ல கேட்டவங்களுக்கு லீவு. அன்னையிலேர்ந்து ஒரு ஆயாவும் சாகல. ஆனா அந்தம்மா ஜெபாவைக் கூப்பிட்டு, பாட்டி போய்ட்டாங்களாமே, ஞாயித்துக்கிழமை வந்து ஒரு மாலை போட்டுட்டுப் போறேன்னுட்டாங்க. பொண்ணுக்குச் சோறு இறங்கல. ஆயா, நீ பொன்னேரிக்கு விக்டோரியா அத்தை ஊட்டுக்குப் போய்டு, தெரிஞ்சா பர்மனென்ட்டுக்கு என் பேர எழுதமாட்டாங்கன்னு ஒரே அழுகை. செத்தவளுக்கு எதுக்கு பஸ் டிக்கெட்டுன்னு நான் போகல, சமையல்கட்டுல கதவைச் சாத்திக்கினு கருவாடு ஆஞ்சிக்கினு இருந்தேன். மேடம் ரோஜா மாலையோட வந்து உக்காந்தாங்க. எங்கம்மா கடைசி மூச்சுல இருந்தப்ப நான் லீவு கேட்டு யாரும் குடுக்கலம்மா, நீயாவது கூட இருந்தியான்னு கேட்டாங்க. அவ்ளோதான். மேடம், ஆயா சாகல, உள்ள கருவாடு ஆஞ்சிக்கினு இருக்குதுன்னு ஜெபா சொல்லிட்டா. துளசிராமன் முன்னாடி கண்ணு சிமிட்டாம என்னைப் பொதைச்சவ, இந்தம்மா முன்னாடி ஒரு நிமிஷம் தாங்கல. நான் கருவாட்டுக் கையோட வெளிய வந்தேன். மேடம் என்னைப் பாத்தாங்க, மாலையைப் பாத்தாங்க, இன்னா பண்றதுன்னு தெரியாம என் கழுத்துலயே போட்டுட்டாங்க. ஆனா சிரிக்கல. வேலையில இரு, பர்மனென்ட்டுக்கு இந்த வருஷம் உன் பேர எழுதமாட்டேன், அடுத்த வருஷம் பாக்கலாம்னாங்க. நான் கத்த வாயைத் தொறந்தேன். ஜெபாவே என்னைத் தடுத்து, விடு ஆயா, மேடம் சொல்றது நியாயம்தான்னுட்டா. அதே தண்டனைய துளசிராமன் குடுத்திருந்தா அவன் அப்பனையும் சேத்துப் பொதைச்சிருப்பா.

இப்ப உன் சங்கதிக்கு வரேன். போன்ல கேட்டா கம்பெனி தங்கம், சாப்பாடு பிரமாதம், உடம்பு கல்லுன்னு மூச்சு விடாம ஒப்பிக்கிற. உண்மைய சொன்னா தெருவே கூடுற மாதிரி நான் ஒப்பாரி வைப்பேன்னுதானே மறைக்கிற. வைக்கமாட்டேன் ராஜா, அந்த மேடம் மாதிரி உக்காந்து கேக்குறேன். வெயில்ல தலைக்குத் துணி கட்டிக்க, நாஷ்டாவ விட்டுடாத. கர்த்தர் உன்னை ஆசீர்வதிச்சு கூடவே இருக்கட்டும். உன் போட்டோ ஒண்ணு புதுசா எடுத்து போஸ்ட்ல அனுப்பு, செல்போன்ல வேணாம், நான் பாக்கிறதுக்குள்ள அன்பு விரலால தள்ளிடுறான். கறுப்புக் கண்ணாடி போடாம, தலையிலேர்ந்து கால் வரைக்கும் தெரியணும். இளைச்சிருந்தா இளைச்ச மாதிரியே அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா ஞானம்மா