ஏழு மணிகளும் ஒரு ஊக்கும்

செல்ல அம்முவுக்கு, வானவடியிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், நீ ஜெர்மனியில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று யாராவது வந்து சொன்னால் மீதி சுகமும் வந்துவிடும். ஒன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை. கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன், கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கேல்கர் மேடம் நேற்று மழையில் ஸ்கூட்டியிலேயே வந்தார். அகழாய்வில் கிடைத்த அந்த ஏழு சூதுபவள மணிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துத் துளைக்குள் பார்த்தார், நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏழாவதைக் கீழே வைத்துவிட்டு மராத்தியில் டீக் ஆஹே, பரவாயில்லை என்றார், விழுந்த குழந்தையிடம் ஒன்றுமில்லை என்போமே அந்தக் குரலில். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எதால் குத்தினீர்கள் என்று கேட்டார். தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் காட்டினேன், அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மணியைக் குத்தினதற்கப்புறம் அந்த ஊக்கால் எத்தனை தடவை புடவைத் தலைப்பைக் குத்தியிருப்பேன், அதில் என்ன மிச்சம் இருக்கப்போகிறது.

நடந்ததை நீ என்னைச் சொல்லவிடவே இல்லை. மணிகளை ஆய்வகத்திலிருந்து ஒரே ஒரு ராத்திரிக்கென்று வீட்டுக்குக் கொண்டுவந்தாய், மறுநாள் விமான நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், திருப்பிக் கொடுக்க நேரமில்லை, பீரோவில் பத்திரமாக வை மேடம் வந்து வாங்கிக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ இல்லாத முதல் வரலட்சுமி நோன்பு. உன் பொருள் ஏதாவது அம்மன் கழுத்தில் கிடந்தால் உன்னையே அவள் முன்னால் உட்கார்த்தின மாதிரி என்று எனக்குத் தோன்றியது. மண்ணும் கறையுமாக அம்மனுக்கு எப்படிப் போடுவது, நகை கழுவுகிற மாதிரியே பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்தேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள் இல்லையா, கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியம். துளை அடைத்திருந்தது, நோன்புச் சரடு நுழையவில்லை, ஊக்கால் குத்திக் குத்திச் சுத்தம் பண்ணினேன். நூல் நூலாகக் கறுப்பாய் ஏதோ வந்தது. அதையும் தண்ணீரோடு கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டிவிட்டு, பெருமையாகப் போட்டோவும் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ உடனே கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே மனசில் வைத்திருக்கிறேன். "அம்மா, கல்லைப் பத்தி ஊருக்கே தெரியும். நீ குத்தி எடுத்த அழுக்குதான் என் ஆராய்ச்சி." அதோடு போனை வைத்துவிட்டாய்.

அப்புறம்தான் நீ விட்டுப்போன ஆராய்ச்சி நோட்டை எடுத்துப் படித்தேன், முன்னாலேயே படித்திருக்க வேண்டும். கல்லைப் பானையில் இட்டுச் சூடாக்கிச் சிவப்பேற்றினார்களாம், ஒரு நீள மணியை இரண்டு பக்கத்திலிருந்தும் துளைக்க நாள்கணக்கில் உட்கார்ந்தார்களாம், குஜராத் பக்கத்திலிருந்து கப்பலேறி மெசொப்பொத்தேமியாவில் ராணியின் கல்லறை வரைக்கும் போயிற்றாம். இதெல்லாம் தெரிந்த விஷயம், எதில் கோத்தார்கள் என்பதுதான் சரியாகத் தெரியவில்லை, பருத்தியா பட்டா ஆட்டு மயிரா என்று பெரிய கேள்விக்குறி போட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் நோட்டை மூடிவைத்தேன். வேறு மணி கிடைக்காதா என்று மேடத்திடம் கெஞ்சினேன். அந்த அகழாய்வுக் குழியில் கிடைத்ததை எல்லாம் தோண்டிய அன்றைக்கே கழுவிவிட்டார்களாம், இந்த ஏழு மணிகளைத்தான் யாரோ மறதியாக மண்ணோடு ஒதுக்கி வைத்திருந்தார்களாம். நாலாயிரம் வருஷம் மறதியால் பிழைத்தது, என் அக்கறையால் போயிற்று. அப்பா, சிரிப்பு மூட்டுவதாக நினைத்துக்கொண்டு, அந்த ஊரையே நதி வந்து மூடினபோதும் தாங்கிற்று, உங்கம்மா கையைத்தான் தாங்கவில்லை என்றார். சொன்னவரே சிரிக்கவில்லை.

தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேடத்திடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் ஆய்வகப் பதிவேட்டில் உன் கையெழுத்துதான் இருக்கிறதாம், பதில் சொல்ல வேண்டியவள் நீதானாம். உனக்கு அங்கே நூலைச் சோதிக்கிற மெஷினில் ஒதுக்கிய நாள் செப்டம்பரில் வருகிறது, வைப்பதற்கு ஒன்றும் இல்லை. வேறு தலைப்பு கொடுப்பார்களா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார், கண் வேறு எங்கோ இருந்தது. நீ அங்கே யார் கேட்டாலும் எங்கம்மா செய்தது என்றே சொல், என்னைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் மறைக்காதே. ஒரு வேளையாவது சூடாக ரசம் வைத்துச் சாப்பிடு, பொடி உன் பெட்டியில் நீலப் பைக்குள் இருக்கிறது.

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். மேடம் போனபிறகு தொட்டி மண்ணைத் தோண்டினேன். இது உதவாது, பத்து நாள் மழை இறங்கிவிட்டது என்று அவர் முன்னமே சொல்லிவிட்டார், எனக்கும் தெரியும், கெமிஸ்ட்ரி இந்த மட்டுக்காவது ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் அப்படியே விட மனசு வரவில்லை. உன் மணி டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து அதே மாதிரி எழுதி ஒட்டியிருக்கிறேன். இடம், வானவடி, இரண்டாம் மாடி பால்கனி, கறிவேப்பிலைத் தொட்டி. ஆழம், நான்கு விரல். நிலை, கழுவாதது.

மகாலட்சுமி உன் கூடவே இருக்கட்டும், நீ தொட்ட படிப்பு உன் கையைவிட்டுப் போகாமல் இருக்கட்டும். நீ பேச வேண்டாம், நான் கூப்பிடும்போது எடுத்துக் காதில் மட்டும் வை, மறக்காதே.

உன்
அம்மா