டெக்கீலாவுக்கு நாம் போட்ட மதிப்பெண்

டீச்சர்,

இண்டூர் சாலையை அகலப்படுத்துகிறார்கள். நேற்று பேருந்தில் போனபோது ஓரத்து வேலியெல்லாம் பொக்லைன் பிடுங்கிப் போட்டிருந்தது. கத்தாழைகள் வேரோடு மல்லாந்து கிடந்தன. மடல் நசுங்கிய பச்சை வாடை சன்னல் வழியாக உள்ளே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் வாயைச் சற்றே திறந்து, மெதுவாக மூச்சை இழுத்து, இது எதைப் போல இருக்கிறது என்று யோசித்தேன். அறுத்த புடலங்காய், அதற்குப் பின்னால் கொஞ்சம் மிளகு. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

இந்தப் பழக்கம் எனக்கு உங்கள் வீட்டுச் சமையலறையில் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு ஆசிரியைகள், ஒருத்தி வேதியியல், ஒருத்தி உயிரியல், சனிக்கிழமை பிற்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு டெக்கீலா குடித்தார்கள் என்றால் நல்லம்பள்ளியில் யாரும் நம்பமாட்டார்கள். குடிக்கவில்லை, வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினோம் என்றால் அதைவிட நம்பமாட்டார்கள்.

உங்கள் மகள் சுகன்யா அப்போது பெங்களூரில் வெளிநாட்டு மது வகைகளை வரவழைத்து ஓட்டல்களுக்கு விற்கும் நிறுவனத்தில் இருந்தாள். எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று ருசி பார்த்துச் சொல்வது அவள் வேலை. உறவினர்களிடம் நீங்கள் 'உணவு ஆராய்ச்சி' என்று சொல்லிவைத்திருந்தீர்கள். அந்த வருடம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது வாசனையும் போய்விட்டது. காப்பி வெந்நீராக இருந்தது, மல்லிகை காகிதமாக இருந்தது. அலுவலகத்தில் அவள் சொல்லவில்லை. மூன்று வெள்ளை டெக்கீலாக்கள் மாதிரிக்கு வந்திருந்தன. எதை வாங்குவது என்று திங்கட்கிழமை எழுதித் தர வேண்டும். பாட்டில்களைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டாள். ஆய்வுக்கூடத்தில் குடுவையைத் திறந்த மாத்திரத்தில் உள்ளே இருப்பது என்னவென்று சொல்லும் மூக்கு உங்களுடையது என்று அவளுக்குத் தெரியும். துணைக்கு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"டீச்சர், இது நம்ம வேலியில நிக்குற கத்தாழைக்கு ஒண்ணுவிட்ட அக்கா," என்று எனக்கு அவள் விளக்கினாள். மெக்சிகோவில் அந்தச் செடியின் அடிக்கிழங்கை அவித்து, பிழிந்து, புளிக்கவைத்து, காய்ச்சி இறக்குகிறார்கள். சிலவற்றை மரப்பீப்பாயில் ஊறவைப்பார்கள். நிறமும் மணமும் அதில் ஏறும். இவை பீப்பாயைப் பார்க்காதவை, தண்ணீர் மாதிரி இருப்பவை. வகுப்பில் சொல்வதானால் தாளிக்காத பருப்பு என்பேன். பருப்பு கெட்டிருந்தால் மறைக்க ஒன்றுமில்லை.

நீங்கள் எவர்சில்வர் டம்ளர் எடுத்தீர்கள். உலோக வாடை வரும் என்று அவள் தடுத்து, டீக்கடைக் கண்ணாடி கிளாஸ்களைக் கழுவி வைத்தாள். உடனே நீங்கள் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம் மாதிரி ஏற்பாட்டில் இறங்கிவிட்டீர்கள். பாட்டிலின் பெயர் தெரியக் கூடாது என்று கிளாஸின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி டம்மி நம்பர் போட்டீர்கள். நீங்கள் முதல் மதிப்பீடு, நான் இரண்டாவது. ஒருவர் போட்ட மார்க்கை மற்றவர் பார்க்கக் கூடாது.

முதல் வாய் எனக்குத் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. கண்ணில் நீர் வர உட்கார்ந்திருந்தேன்.

"என்னாங்க டீச்சர், திருத்தச் சொன்னா விடைத்தாளையே தின்னுட்டீங்க," என்றீர்கள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜரீனா சன்னலுக்கு வெளியே சுவர்மேல் எட்டிப் பார்த்தார். "டீச்சர், உங்க வூட்ல ஊசி போடுற வாசன வருதுங்களே. யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?"

"கெமிஸ்ட்ரி வாத்திச்சி வூட்ல சாம்பார் வாசனையா வரும்? போயி வேலயப் பாருங்க," என்றீர்கள். ஜரீனா சிரித்துக்கொண்டே போனார்.

மார்க்கை எடுத்துப் பார்த்த சுகன்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். நாம் இருவரும் மூன்றுக்கும் எழுபதுக்குக் குறையாமல் போட்டிருந்தோம். மூன்றாவது கிளாஸுக்கு இருவருமே முதலிடம்.

"அம்மா, இவங்கெல்லாம் பத்தாவது பாஸ் பண்ணணும்னா வந்து உக்காந்திருக்காங்க? எது வேணாம்னு சொல்லுங்கம்மா."

"எல்லாமே நல்லாத்தான்டி இருக்கு."

"நல்லா இருக்குன்னா என்னா இருக்கு?"

அந்தக் கேள்வி உங்களுக்கு உறைத்தது. அதையே நீங்கள் முப்பது வருடம் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறீர்கள். பிறகு அவள் சொன்னபடி ஒவ்வொன்றிலும் சில சொட்டை உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்தோம். ஆல்கஹால் முதலில் ஆவியாகி ஓடிவிடும். செடியின் மணம் கையில் நிற்கும். முதல் கையில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருந்தது, ஓரத்தில் ஈர மண். இரண்டாவதில் எலுமிச்சைத் தோல், நசுக்கிய மிளகு, ஏதோ ஒரு பச்சை. மூன்றாவதை நீங்கள் நெடுநேரம் முகர்ந்தீர்கள். என் கையையும் இழுத்து முகர்ந்தீர்கள்.

"இதுல செடியே இல்லீங்க டீச்சர். பேக்கரி இருக்குது. வெனிலாவும் சர்க்கரையும் போட்டுப் பூசியிருக்கான்," என்றீர்கள். பிறகு, "நாம கையெழுத்துக்கு மார்க்கு போட்டுட்டோம்," என்றீர்கள். 

அது உண்மை. வரி பிசகாமல் முத்து முத்தாக எழுதிய தாளைக் கண்டால் நம் கை தானாக ஐந்து கூடப் போடும். பதில் இருக்கிறதா என்று பிறகுதான் தேடும். வேறு யாராவது ருசி பார்த்திருந்தால் வேறு தவறு செய்திருப்பார்கள். நாம் செய்தது வாத்தியார் தவறு. மூன்றாவதை அடித்துவிட்டு முதலாவதை மேலே வைத்தோம்.

சுகன்யா முகம் தெளிந்து கணினியைத் திறந்தாள். கிழங்கு, ஈர மண், எலுமிச்சைத் தோல் என்று நாம் சொன்னதையெல்லாம் ஆங்கிலத்தில் தட்டினாள். நீங்கள் பின்னால் நின்று படித்தீர்கள்.

"கீழ யார் பேரு வரும்?"

"எம்பேருதாம்மா."

"மூக்கு யாருது?"

அவள் திரும்பவில்லை. "சொன்னா வேல போயிடும்மா. அந்தச் சீட்டுக்கு நாலு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

"திருத்துனவங்கதான் கையெழுத்து போடணும். இந்த ஒரு தடவ சரி, அடுத்த மாசம்? நான் எத்தன நாளைக்கு உனக்கு மூக்கா இருக்க முடியும் சொல்லு."

நான் அவள் பக்கம் பேசினேன். சின்னப் பெண், ஒரு தடவைதானே, வாசனை திரும்பிவிடும் என்றேன். நீங்கள் கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தீர்கள். அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வாசனை போனதை அலுவலகத்தில் சொல்லிவிட்டாள். வேலை போகவில்லை. ஆனால் ருசி பார்க்கும் இடத்தில் வேறொருவரை வைத்துவிட்டு, இவளை ஓட்டல்களுக்குச் சரக்கு அனுப்பும் மேசைக்கு மாற்றினார்கள். அன்று உங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே பேருந்து ஏறினாள்.

அவள் கோபம் ஆற நாளானது. அதற்குப் பிறகு விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கிராம்பு, எலுமிச்சை, நீலகிரித் தைலம் என்று கண்ணை மூடவைத்து முகரவைத்தீர்கள். மருத்துவரும் அதைத்தான் சொல்லியிருந்தார். கிராம்பு மட்டும் ஏதோ தூரத்தில் தெரிகிறது என்று சொல்லும் அளவுக்கு வந்திருந்தாள். அதற்குள் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

காரியம் முடிந்து உறவினர்கள் போன பிறகு, கொடியில் கிடந்த உங்கள் புடவையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள். "ஒண்ணுமே தெரியல டீச்சர்," என்றாள். நான் அந்தப் புடவையை வாங்கி முகர்ந்து அவளுக்குச் சொன்னேன்: கோகுல் சாண்டல் பவுடர் மாதிரி ஒன்று, கொஞ்சம் வேர்வை, கொஞ்சம் வெந்தயம். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நல்ல வாசனை என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு வரவில்லை.

போன மாதம் என் வீட்டுக்கு வந்தாள். பழைய இடம் காலியாகிறதாம், மறுபடி கேட்கப் போகிறாளாம். அதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்று புதிதாக வந்த வெள்ளை டெக்கீலாக்கள் மூன்றைக் கொண்டுவந்திருந்தாள். முதலில் பெயரைப் பார்த்து முகர்ந்து மனத்தில் பதித்துக்கொண்டாள். பிறகு திரும்பி நிற்கச் சொல்லி நான் ஊற்றினேன். முதலாவதைச் சரியாகச் சொன்னாள். கிழங்கு வாசனை வருகிறது என்று இரண்டு தடவை சொன்னாள். அடுத்த இரண்டையும் மாற்றிச் சொன்னாள்.

"சரிங்களா டீச்சர்?"

டீச்சர், அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சரி என்று சொல்ல என் நாக்கு தயாராகத்தான் இருந்தது.

"ஒண்ணு சரி. ரெண்டு தப்பும்மா," என்றேன்.

கிளாஸைக் கீழே வைத்தாள். பிறகு போனை எடுத்து, இந்த முறை விண்ணப்பிக்கவில்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று அலுவலகத்துக்குச் சொன்னாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"மாத்தி ஊத்துங்க டீச்சர்."

ஊற்றினேன்.