நாரை மரத்துச் சாமி

ஐயா,

இன்று காலை, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நம் வீட்டுக்கு வந்து, வாழையிலையில் சுற்றிய திருநீற்றையும் தேங்காய் மூடியையும் நீட்டினார். "பெரிய கிராணி ஐயா பேர்ல முனிக்குப் பூசை போட்டோம்மா. நீங்க கண்டிப்பா சாப்பிடணும்லா." தோட்டத்துக் கணக்கெழுதிய உங்களை, நீங்கள் கண்மூடிய பின்பும் அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். இலையில் கற்பூர வாசத்தோடு கண்டல் சேற்றின் வாசமும் இருந்தது. என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

அந்தச் சேற்றில் நாம் இருவரும் முழங்கால் புதைய நடந்தோம். நான் மதராசுக்குக் கப்பலேறுவதற்கு முந்திய மாதம் அது. ஆற்றுமுகத்து உவர்நீரில் நின்ற அரசாங்கக் கண்டல் காட்டில் நாரைகள் கூடு கட்டியிருந்தன. பால் வெள்ளை உடம்பு, மஞ்சள் அலகு. இந்தக் கரையில் வேறெங்கும் இப்போது அவை தங்குவதில்லை என்று சுங்கை செம்பிலாங் கிராமத்து மீனவர்கள் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் தோட்டத்து ஆட்கள் விறகு வெட்டப் போவார்கள். அப்படியே குஞ்சுகளையும் இறக்கிக் கறி வைப்பார்கள். காட்டு இலாகா நட்ட தடைப் பலகையும் யார் வீட்டு அடுப்பிலோ எரிந்துபோயிற்று.

"பலகைக்கு ஆர் பயப்பிடுறது பிள்ளை? முனிக்கெண்டால் பயப்பிடுவினம்," என்றீர்கள். அம்மாவின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கூட்டு மரத்தில் கட்டினோம். நான் குங்குமம் பூசினேன். நீங்கள் அடியில் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டுவிட்டு, "உண்மையான முனி வந்து வாடகை கேட்டால் நீதான் பதில் சொல்ல வேணும்," என்று சிரித்தீர்கள். அதன்பிறகு அந்தப் பக்கம் கோடரி போகவில்லை. குஞ்சுகள் கிளைக்குக் கிளை தத்துவதைப் படகிலிருந்து பார்த்தோம்.

"நீ படிச்சிட்டு வா. அதுவரைக்கும் இதுகளை நான் பாக்கிறன்." கப்பல் துறையில் நீங்கள் சொன்னது இது ஒன்றுதான்.

பி.ஏ. முடித்துத் திரும்பினேன். சேற்றில் மண் கொட்டிப் பாதை போட்டிருந்தார்கள். கல் நட்ட இடத்தில் தகரக் கொட்டகை, வெள்ளிதோறும் உடுக்கை. கடலோரம் மிஞ்சிய சில மரங்களில்தான் கூடுகள் இருந்தன. சனத்திடம் உண்மையைச் சொல்லச் சொல்லி உங்களிடம் கெஞ்சினேன். "திருவிழா முடியட்டும், சொல்லுறன்," என்றீர்கள். திருவிழாவில் பூசாரி உங்கள் தலையில் பரிவட்டம் கட்டினார். பெண்கள் வரிசையின் கடைசியில் நான் நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை. கூட்டத்துக்குப் பயந்துவிட்டீர்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்று அந்தச் சமாதானமும் போயிற்று. "ஐயா கனவுல முனி வந்து, எனக்கு எடம் பத்தலன்னாராம். கடல் பக்கமா வெட்டுங்கடான்னு போறதுக்கு முன்னால ஐயாதானே சொன்னாரு," என்றார் மண்டோர். "மிச்ச மரத்தையும் எடுத்துட்டு ஐயா பேர்ல மண்டபம் கட்டப் போறோம். வெள்ளிக்கெழம மொத வெட்டு நீங்கதான். படிச்ச புள்ள கை பாருங்க."

கனவாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள்.

புதிய ஆட்கள் வந்தால் உள்ளறைக்கு ஓடிவிடும் உங்கள் மகள் இன்று வாசலில் நின்று பேசினாள். "கனவு பொய், மண்டோர். அந்தத் துணி எங்கட அம்மான்ர சேலை. நாரைக்காக நாங்கள்தான் கட்டினது."

அவர் கோபப்படவில்லை. இரக்கத்தோடு பார்த்தார். "அப்பா போன துக்கம்மா. அதான் சாமியக் கோவிச்சுக்கிறீங்க. வெள்ளிக்கெழம வண்டி அனுப்புறேன்."

காட்டு இலாகாத் துரை, சாமி காரியத்தில் கை வைக்க மாட்டேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆகவே அந்த வண்டியில் நான் ஏறுவேன், ஐயா. கோடரியை வாங்க மாட்டேன். மரத்தடியில் நின்று, உடுக்கை ஓயும்வரை காத்திருந்து, மண்டோரிடம் சொன்னதையே எல்லோரிடமும் சொல்வேன். என்னை அங்கே பேச விடுவார்கள் என்றால், நான் படித்தவள் என்பதற்காக அல்ல. கிராணி ஐயாவின் மகள் என்பதற்காக. நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று சொல்லக்கூட உங்கள் பெயரைத்தான் நான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.