அண்ணன் இன்ஜினின் ராக்கர்

பிப்ரவரி 3

கரைக்கு வரும் வழியில் ராக்கர் ஒடிந்தது. வால்வை அழுத்தித் திறக்கிற சின்ன இரும்புக் கை, அவ்வளவுதான். அது இல்லாமல் இன்ஜின் வெறும் பாரம். பக்கத்துப் படகு கட்டி இழுத்து வந்தது. அதிராம்பட்டினம் மெக்கானிக் சலாஹுதீன் பாய்க்குப் போன் போட்டேன். “பழைய மாடல் தம்பி. தஞ்சாவூர்ல சொல்லி வைக்கிறேன், வர நாளாகும்” என்றார். நாளானால் சோறு?

பிப்ரவரி 5

பாய் வந்து பார்த்துவிட்டு, தார்ப்பாய் மூடிக் கிடக்கும் அண்ணன் இன்ஜினைக் காட்டினார். ஐப்பசியில் அண்ணன் கடலுக்குப் போனபின் ஆளில்லாமல் மிதந்து வந்த அவன் படகில் இருந்தது. உப்புத்தண்ணீர் புகுந்து பிஸ்டன் இறுகிவிட்டது, மேல்பாகம் நன்றாக இருக்கிறது. “அந்த ராக்கரப் போட்டுக்கலாம். கம்பெனி வேற, உயரம்தான் இடிக்கும். அடியில வாஷர் குடுத்தா உக்காந்துடும்.”

நாகரத்தினம் அண்ணியிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்டேன்.

“எடுத்துக்கங்க தம்பி. அவர் வந்தா நான் சொல்லிக்கறேன்.”

வந்தா. அண்ணன் பஞ்சநாதனின் உடல் கிடைக்கவில்லை, அதனால் தாலியைக் கழற்றவில்லை. கருமாதி என்று யார் வாயெடுத்தாலும் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

பிப்ரவரி 8

மாட்டியாயிற்று. அண்ணன் ராக்கர் துளை தேய்ந்தது, டக்டக்கென்று தட்டுகிறது. மாற்றச் சொன்னால் அண்ணன், “கெடக்கட்டும்டா மனோகரா, நான் வர்றது வீட்டுக்குத் தெரிய வேணாமா” என்பான். ஓடினால் போதும் எனக்கு.

பிப்ரவரி 9

மடையன். நான் ஒரு மடையன்.

எங்கள் கரையில் பெண்கள் படகைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே சத்தத்தில் சொல்லிவிடுவார்கள், இது இன்னார் வண்டி என்று. இது தெரியாதவனா நான்? விடியலில் கரை சேர்ந்தபோது அண்ணி தலைமுடிகூட முடியாமல் ஓடி வந்தார். முழங்கால் தண்ணீர்வரை வந்துவிட்டார். நான் குதித்து இறங்கினேன். என்னைத் தாண்டிப் படகுக்குள் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார்.

மீனை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 10

தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்பு போட்டு வந்தேன். தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. பரவாயில்லை.

பிப்ரவரி 14

தினமும் துடுப்புதான். இன்று அண்ணன் மகள் தர்ஷினி கேட்டாள்: “சித்தப்பா, ஏன் இப்ப சத்தமே வரல? அம்மா அடுப்பக்கூட பத்த வைக்காம கேட்டுக்கிட்டே உக்காந்திருக்காங்க.”



பிப்ரவரி 17

தஞ்சாவூரிலிருந்து சாமான் வந்துவிட்டது. பழசைக் கழற்ற ஸ்பேனரோடு உட்கார்ந்தேன். அண்ணி வந்து நின்றார்.

“அது உங்க இன்ஜின்ல இருக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி. காதுக்குத்தான் தெரியல.”

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

“நாளைக்கு ஒரு நாள் அதோட போயிட்டு வாங்க. அணைக்காம வாங்க.”

பிப்ரவரி 18

கரையில் மணல் தட்டும்வரை ஓட்டி வந்தேன். டக்டக், டக்டக். அண்ணி தலையை முடிந்துகொண்டு, கூடையோடு நின்றிருந்தார். இன்று என்னைத் தாண்டிப் பார்க்கவில்லை. மீனை வாங்கிக் கூடையில் போட்டார்.

“கழட்டிருங்க தம்பி” என்றார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். “கருமாதிக்கு நாள் பாருங்க.”