சூனியக்காரிக்கு ஒரு பேர்

22 ஜனவரி 1996

ஆண்டு விழா நாடகத்தைப் படித்துவிட்டு கரஸ்பாண்டன்ட் பத்மாவதி மேடம் கூப்பிட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறதாம், சூனியக்காரி பேர்தான் சரியில்லையாம். நான் ‘நிழலி’ என்று வைத்திருந்தேன்.

“இதென்னுங்க டீச்சர், சோப்புப் பேராட்டம்? கேட்டதும் பயமும் வரோணும், சிரிப்பும் வரோணும். நம்மூர்ப் பேரா, பாவாத்தான்னு வெச்சுப்போடுங்க.”

சரிங்க மேடம் என்றேன். சரிங்க மேடம்! வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது எனக்கு?

பாவாத்தாள் என் அம்மா. அந்த நேரத்தில் ரூமுக்கு வெளியே வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

23 ஜனவரி

வேண்டுமென்று சொல்லவில்லை அவர். அம்மா பேர் என்ன என்றே அவருக்குத் தெரியாது. அதுதான் இன்னும் எரிகிறது. அம்மா தொண்டாமுத்தூர்த் தோட்ட வேலையை விட்டு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆயாவாக வந்து ஒன்பது வருஷம். நான் அவள் மகள் என்பது மேடத்துக்கு நன்றாகத் தெரியும். நான் டீச்சராகச் சேர்ந்த அன்றே சொன்னார்: “ஸ்கூல்ல அம்மான்னு கூப்புடாதீங்க, பேரன்ட்ஸ் ஒரு மாதிரி நெனைப்பாங்க. ஆயான்னே கூப்புடுங்க.”

அவரை மட்டும் திட்டி என்ன? மூன்று வருஷமாக ஆயா, ஆயா என்று கூப்பிடுகிறவள் யார்? “சொல்லுங்க டீச்சர்” என்று வந்து நிற்கிறாள் பெற்றவள். தூ.

24 ஜனவரி

வேறு பேர் யோசித்தேன். கருப்பாயி. சுடலாயி. கொள்ளியாத்தாள். எழுதி முடித்துப் பார்த்தால் எல்லாம் எங்கள் தெருவில் தண்ணீர் பிடிக்க வருகிறவர்களின் பேர் மாதிரியே இருக்கிறது. எனக்குள்ளேயும் சூனியக்காரி அங்கிருந்துதான் வருகிறாள். தாளைக் கிழித்துப் போட்டேன்.

26 ஜனவரி

கொடியேற்றி முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். குதிப்பாள் என்று நினைத்தேன். ஆரஞ்சு மிட்டாயை வாயில் அதக்கிக்கொண்டு கேட்கிறாள்:

“மைக்குலயா சொல்லுவாங்க?”

“ஆமா. மேடமே எல்லாப் பாத்திரத்து பேரையும் படிப்பாங்க.”

“அப்ப வெச்சுக்க கண்ணு. ஒருக்காவாச்சும் அந்தப் பள்ளிக்கூடத்துல என்ற பேரு கேக்கட்டும்.”

எழுந்து வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப் வரை நடந்து திரும்பினேன். கோபம் இறங்கவில்லை.

30 ஜனவரி

மேடத்தின் மாமியார் பேர் ரங்கம்மாள். பள்ளிக்கூடத்தை ஆரம்பித்தவர். இப்போது படுக்கையில் இருக்கிறார்.

மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. எங்கள் வீட்டில் அம்மாவும் சொன்னதில்லை. அப்பத்தாள் பேரை நானே பெரியப்பாவிடம்தான் தெரிந்துகொண்டேன். மில் முதலாளியான மேடம் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இந்த ஒரு வழக்கம் மட்டும் ஒன்று.

மேடம் படிக்கப்போகும் பாத்திரப் பட்டியலை ஸ்டென்சில் வெட்டி, பிரதி உருட்டியாகிவிட்டது. சூனியக்காரி ரங்கம்மாள். சொல்லட்டும் பார்ப்போம் மைக்கில்.

1 பிப்ரவரி

ஒத்திகை. மேடம் தாளைப் பார்த்து ஒவ்வொரு பேராகப் படித்தார். “இளவரசி, சாய்ப்ரியா. சூனியக்காரி...” நின்றுவிட்டார். சூனியக்காரி வேஷம் போடும் நவ்யா உதவிக்கு வந்து, “ரங்கம்மாள்ங்க மேடம்!” என்று கத்தினாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

“டீச்சர், இந்தப் பேரு என்ற வாயில வராதுங்க.”

“ஏனுங்க மேடம், நம்மூர்ப் பேருதானுங்களே?”

“என்ற மாமியார் பேருங்க அது! பெரியவங்க பேரைப் போயி சூனியக்காரிக்கு வெப்பாங்களா?”

“அதத்தானுங்க நானும் கேக்கறேன். பாவாத்தா என்ற அம்மா பேருங்க.”

“ஆயா பேரா அது?” என்றார். மன்னிப்பு இல்லை, ஒன்றுமில்லை. ஏதோ பொது அறிவுக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டவர் மாதிரி. வேறு பேர் வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன். பிறகு ஏன் இதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை?

2 பிப்ரவரி

விஷயம் அம்மா காதுக்குப் போய்விட்டது. எனக்குத்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று.

“அந்தப் பெரியம்மா உனக்கு என்னடி பண்ணுனாங்க? அந்தப் பள்ளிக்கூடத்துல என்னைய பேர் சொல்லிக் கூப்புட்டது அவுங்க ஒருத்தருதான். ‘பாவாத்தா, காப்பி குடிச்சியா’ம்பாங்க. அவுங்க பேரைக் கொண்டுபோயி...”

எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னதே இல்லையே! என்று நானும் கத்தினேன். அவள் அழுதாள். மருமகள் மேல் எறிந்த கல் படுத்திருந்த கிழவி மேல் விழுந்திருக்கிறது. எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

4 பிப்ரவரி

அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று நவ்யாவுக்கான கறுப்பு அங்கியைத் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல், “ஊமத்தைன்னு வெய்யி” என்றாள். “ஆடுகூட வாய் வெக்காது. யாரு பேரும் இல்ல.”

ஊமத்தை. சொல்லிப் பார்த்தேன். கசக்கிறது, வெள்ளையாகப் பூவும் பூக்கிறது. பி.லிட். படித்த எனக்கு வராத பேர்.

10 பிப்ரவரி

ஆண்டு விழா. மேடம் “சூனியக்காரி ஊமத்தை” என்று தடங்கலில்லாமல் படித்தார். நவ்யா முள்வேலி மாதிரி தலையை விரித்துக்கொண்டு வந்ததும் முன்வரிசைக் குழந்தை ஒன்று வீறிட்டது. “சூனியக்காரிங்க, எங்களை உட்டுப்போடுங்க” என்று பிள்ளைகள் மரியாதையாகக் கெஞ்சியபோது கூட்டமே சிரித்தது.

நன்றியுரை என்னுடையது. எழுதிக் கொடுத்ததைப் படித்து முடித்துவிட்டு, எழுதாததையும் சொன்னேன்: “ஊமத்தைக்குப் பேர் வைத்தவரும் உடை தைத்தவரும் திருமதி பாவாத்தாள். என் அம்மா.”

கை தட்டினார்கள். மேடம் தட்டவில்லை. அம்மா ஷாமியானாவுக்குப் பின்னால் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

12 பிப்ரவரி

“ஜூன்ல இருந்து வேற எடம் பாத்துக்குங்க டீச்சர்.” ஆயா இருக்கலாமாம்.

சரிங்க மேடம் என்றேன். இந்தத் தடவை தெரிந்தேதான் சொன்னேன்.

வெளியே வந்தேன். வராந்தாவின் கடைசியில் அம்மா கூட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பேரன்ட்ஸ் கேட்டருகில் நின்றிருந்தார்கள். “அம்மா, போலாம் வா” என்றேன். அவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துவிட்டாள்.

இன்னொரு தடவை, சத்தமாகக் கூப்பிட்டேன்.