உன் அப்பாவுக்கு வைத்த தட்டு

அக்டோபர் 30, வியாழக்கிழமை

அன்பு மகள் விஸ்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் குட்டி அல்மாவும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும், முதலில் அதுதான். என்னைக் கேட்டால், அடுப்பு எரிகிறது, கால் நடக்கிறது, படியேறும்போது மட்டும் இடது முழங்கால் முனகுகிறது. உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது, இந்த வருஷம் மழையில் பாதி அழுகல். ஆப்பிள் மரத்தடியில் கால் வைக்க இடமில்லாமல் கொட்டிக் கிடக்கிறது, தின்ன ஆளில்லை, பக்கத்து வீட்டு ஆடுகளுக்குக் கூடை கூடையாகப் போடுகிறேன். மாதம் தவறாமல் உனக்கு எழுதுகிறேன், இந்த மாதமும் எழுதுகிறேன், ஆனால் மூன்று தடவை தொடங்கி மூன்று தாளையும் அடுப்பில் போட்டுவிட்டேன். இதைப் போடமாட்டேன். பொறுமையாகக் கடைசிவரை படி.

அறுவடை முடிவில் வரும் மிக்கேலி நாள் வழக்கம்போல நடந்தது. மர ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றானே ஆர்வித்ஸ், அவன்தான் இப்போது நம் பழைய சாமிக் கூட்டத்துக்குத் தலைவன். தன் வயலோரத்தில் ஒரு கைப்பிடிக் கதிரை அறுக்காமல் விட்டிருந்தான், பதினோரு பேர் போய் அதை முடிச்சுப் போட்டு, மேலே கல் வைத்து, கருப்பு ரொட்டியும் பீரும் படைத்துக் கும்பிட்டோம். சர்ச் பாதிரியார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தவர் நின்று, இந்த வருஷமாவது உங்க கல்லு மழைய நிறுத்துமா ஆர்வித்ஸ் என்று கேட்டார். அவன், போன வருஷம் உங்க ஆளுக்குத்தான் சான்ஸ் குடுத்தோம் ஃபாதர், அவரும் நிறுத்தலியே என்றான். பாதிரியாரே சிரித்துவிட்டார். மறுநாள் காட்டுக்குக் காளான் பறிக்கப் போனோம். நீ அங்கே வெளிநாட்டுப் பண்ணையில் கூரைக்குக் கீழே தட்டுத் தட்டாக வளரும் வெள்ளைக் காளானை நாள் முழுக்கக் குனிந்து அறுக்கிறாய், இங்கே மஞ்சள் காளான் பாசிக்குள்ளே சும்மா பூத்துக் கிடக்கிறது, பறிக்கத்தான் இளசுகள் ஒருவரும் இல்லை. நாலு ஜாடி ஊறுகாய் போட்டேன்.

மிக்கேலி முடிந்தால் இறந்தவர்களின் மாதம் வந்துவிடுமே, உனக்குத் தெரியாததா. சத்தமாகப் பேசக்கூடாது, பனிமூட்டம் வந்தால் அவர்கள் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம், ஏதாவது ஒரு சனிக்கிழமை அவரவர் வீட்டில் மேஜை போட்டு, போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பாடு வைக்க வேண்டும். உன் அப்பா வழித் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் நான்தான் வருஷா வருஷம் வைக்கிறேன். அவர்கள் பெற்ற பிள்ளை என்னை விட்டுவிட்டுப் போனான், அவர்களுக்குச் சோறு போட நான் இருக்கிறேன். இந்த வருஷம் அந்தப் பிள்ளையும் போய்ச் சேர்ந்துவிட்டதால் கணக்கில் ஒரு பெயர் கூடிவிட்டது. செப்டம்பர் இரண்டாம் தேதி விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து போய்விட்டார் என்று நீயும் கேள்விப்பட்டாய். அடக்கத்தன்று அவர் என்னை விட்டுத் தேடிப்போன மிர்த்ஸா முன்னால் நின்றாள், பதினேழு வருஷம் அவருடன் வாழ்ந்து பெண்ணைப் பெற்ற நான் வேலியோரம் அஞ்சல்காரி பக்கத்தில் நின்றேன். நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். நம்பினேன்.

அக்டோபர் ஐந்தாம் தேதி ஞாயிறு, பழுத்த இலை பார்க்க சிகுல்தாவுக்கு பஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆற்றின் இரண்டு பக்கமும் மலை முழுக்க மஞ்சளும் சிவப்பும். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள், நான் ஒன்றும் பார்க்கவில்லை, ஏனென்றால் நம் வீட்டு ஏரிக்கு எதிர்க்கரையிலிருந்து மிர்த்ஸா ஏறினாள், காலியாக இருந்தது என் பக்கத்து இடம் ஒன்றுதான். அரை மணி நேரம் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு, வெல்தா அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் என்றாள். அக்காவாம். எந்த வயிற்றில் எனக்குப் பின்னால் பிறந்தாளோ. இந்த மாசம் அவருக்குத் தட்டு வெக்கணும், செத்தவங்க பொறந்த வீட்டுக்குத்தான் வருவாங்க, என் வீட்ல வெச்சா பாவம் வழி தெரியாம நிப்பாரு, உங்க வீட்ல வெக்கணும், நானும் கூட இருக்கணும் என்றாள். பத்தொம்பது வருஷம் என் வாசலத் தாண்டி உன் வாசலுக்கு வழி தெரிஞ்சுதே, இப்ப மட்டும் எப்படித் தெரியாமப் போகும் என்று கேட்டேன். முன் இருக்கையில் இரண்டு தலை திரும்பியது. அவள் கைப்பையின் கொக்கியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அன்று முழுக்க ஜெயித்த மாதிரி இருந்தது, அதை ஒளிக்கமாட்டேன். சிகுல்தாக் கோட்டை வாசலில் காபிகூட வாங்கிக் குடித்தேன்.

பதினெட்டாம் தேதி ஆர்வித்ஸ் எங்கள் ஐந்து பேரை வேனில் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போனான், கிரான்பெரிப் பழம் பறிக்க. அதில் அவளும் ஒருத்தி. சேற்றுக்கு மேலே போட்ட பலகைப் பாதை இருவர் போகத்தான் அகலம், மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள், என் முழங்காலால் நான் பின்தங்க, அவள் வேண்டுமென்றே எனக்காக மெதுவாக வந்தாள். எதையாவது பேச வேண்டும் என்றுதான் பேசியிருப்பாள், அவள்மேல் தப்பில்லை. ஜூன்ல விஸ்மா வந்தப்பவும் இந்தப் பலகை மேலதான் நடந்தோம், குட்டி அல்மா ஒவ்வொரு பலகையா எண்ணிக்கிட்டே குதிச்சா, இருபது வரைக்கும் எண்ணிட்டா அக்கா, என்ன புத்தி அந்தப் பொண்ணுக்கு என்றாள்.

விஸ்மா, நான் நிற்கவில்லை, திரும்பவில்லை. ஆமா, சொன்னா என்றேன். எனக்குத் தெரியும் என்று அவள் நினைக்க வேண்டும், அவள் முன்னால் தெரியாதவளாக நிற்கக்கூடாது, அது ஒன்றுதான் அந்த நிமிஷம் எனக்கு முக்கியமாக இருந்தது. அவளைவிட்டு விலகிப் போகப் பலகையைவிட்டு இறங்கிப் பாசிமேல் கால் வைத்தேன். அறுபத்து மூன்று வருஷம் இந்த ஊரில் வாழ்ந்தவள், எங்கே கால் வைக்கலாம் எங்கே கூடாது என்று தெரியாதா, ஆனால் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. தொடைவரை இறங்கிவிட்டேன். கத்தவும் இல்லை. அவள்தான் வாளியை வீசிவிட்டுப் பலகைமேல் குப்புறப் படுத்து, கையக் குடுங்க, அசையாதீங்க, சாஞ்சு படுங்க என்று அலறினாள். உன் அப்பாவை எடுத்துக்கொண்ட கையைப் பிடித்துத்தான் மேலே வந்தேன். பூட்ஸ் ஒன்று உள்ளேயே போய்விட்டது. இரண்டு பேரும் சேறும் தண்ணீருமாகப் பலகையில் உட்கார்ந்திருந்தோம், அவள் என் முகத்தையே பார்த்தாள், உங்களுக்குத் தெரியாதா அக்கா என்று கேட்டாள். நான் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தேன். பிறகு அவளே அழ ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

மூன்று ஜூன். ஒன்றல்ல, மூன்று. மூன்று வருஷமும் கோடை நடுவில் நெருப்பு மூட்டும் யாணித் திருநாளுக்கு விமானம் ஏறி வந்து எதிர்க்கரையில் ஒரு வாரம் தங்கியிருக்கிறாய். முதல் வருஷம் அல்மா நடக்கக்கூட இல்லையாம், உன் அப்பா தோளில் வைத்துக்கொண்டு நெருப்பைச் சுற்றினாராம். மூன்று ஜூனிலும் நீ எனக்குப் போன் செய்து, ஷிஃப்ட் மாத்தமாட்டேங்கிறாங்கம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம் என்றாய். எங்கிருந்து பேசினாய்? அந்த வீட்டு முற்றத்திலிருந்தா? நான் இங்கே படகுத்துறையில் உட்கார்ந்திருந்தேன், தனியாளுக்கு எதற்கு என்று நெருப்பு மூட்டவில்லை, தண்ணீருக்கு அந்தப் பக்கம் எரிவதைப் பார்த்தேன். யாரோ சந்தோஷமாக இருக்கிறார்கள், இருக்கட்டும் என்று நினைத்தேன். நிஜமாகவே மனசார நினைத்தேன். அந்த யாரோ நீயும் என் பேத்தியும். அல்மாவை நான் கையில் தூக்கியது அவளுக்கு நாற்பது நாளாக இருந்தபோது. அதற்குப் பிறகு போன் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறேன், அதையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அவர் என்னை விட்டுப் போன அந்த வாரம், அந்தக் கரையில கால் வெச்சவ இந்தக் கரையில கால் வெக்க வேணாம் என்று உன்னிடம் நான் சொன்னேன். சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே சொன்னேன், நீ பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நின்றாய், உனக்குப் பதினான்கு வயசு. ஆனால் அது வெந்துகொண்டிருந்த ஒருத்தியின் வாயில் வந்த வார்த்தை. முப்பத்து மூன்று வயசில், கையில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, இன்னும் அதைச் சட்டம் மாதிரி கடைப்பிடிப்பாயா? சண்டை போட்டிருக்கலாம். வாசலில் வந்து நின்று, வெச்சிட்டேன் காலை, என்ன செய்வ என்று கேட்டிருக்கலாம். கத்தியிருப்பேன், கதவைச் சாத்தியிருப்பேன், அரை மணி நேரத்தில் திறந்திருப்பேன். உன் அப்பாவுக்கு அது தெரியாது, அவர் கதவு சாத்தினால் போய்விடுகிற ஆள். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடக்கத்துக்கு நீ வராததுகூட லீவு இல்லாததால்தானா, இல்லை இரண்டு கரையும் ஒரே குழியைச் சுற்றி நிற்கும், எந்தப் பக்கம் நிற்பது என்ற பயத்தாலா என்று இப்போது யோசிக்கிறேன். எதை நம்புவது என்று தெரியாமல் செய்துவிட்டாயே, அதுதான் ஆறவில்லை.

நாலைந்து நாள் வீட்டைவிட்டு இறங்கவில்லை. பிறகு ஆர்வித்ஸிடம் சொல்லியனுப்பினேன், சனிக்கிழமை மூணு மணிக்கு அவளை வரச்சொல் என்று. இரக்கப்பட்டு என்று நினைக்காதே. அவர் வந்தால் என் கண்ணெதிரே வரட்டும், யாருக்கும் தெரியாமல் வந்து போனதெல்லாம் போதும் என்றுதான். வழக்கப்படி நம் ஏரியோர நீராவிக் குளியல் வீட்டைக் கழுவி, மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, ரொட்டி, பீர், வேகவைத்த கறி, கைதுடைக்கத் துண்டு எல்லாம் வைத்தேன். அவள் பன்றிக்கறி வறுத்துப் போட்ட பட்டாணி கொண்டுவந்தாள், அவருக்குப் பிடிக்கும் என்று எனக்கே சொன்னாள். அதை முதன்முதலில் அவருக்குச் சமைத்துப் போட்டவளிடம். வாங்கி மேஜையில் வைத்தேன். வீட்டுக்காரிதான் பெயர் சொல்ல வேண்டும். மாமியார் பெயரைச் சொன்னேன், மாமனார் பெயரைச் சொன்னேன், மூன்றாவது பெயருக்கு முன்னால் ரொட்டியை இன்னும் இரண்டு துண்டு நறுக்கினேன். கூப்பிடுங்க அக்கா, குளிர்ல நிக்கிறாரு என்று அவள் மெதுவாகச் சொன்னாள். இமாந்த்ஸ், வா, வந்து சாப்பிடு என்றேன். பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பெயரை அவரை நோக்கி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு வைத்து முடித்தால் அனுப்பியும் வைக்க வேண்டுமே, இல்லாவிட்டால் வீட்டிலேயே தங்கிவிடுவார்களே. எழுந்து கதவைத் திறந்து, தின்னாச்சு, குடிச்சாச்சு, ரோட்டு வழியாப் போங்க, விதைச்ச வயல மிதிக்காதீங்க என்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பிறகு அவருக்கு மட்டும் தனியாக, நீயும் போ என்றேன். அன்று அவர் பெட்டியோடு போனபோது நான் சந்தையில் இருந்தேன், போ என்று சொல்லவும் வாய்க்கவில்லை, போகாதே என்று சொல்லவும் வாய்க்கவில்லை. இப்போது சொல்லிவிட்டேன், இனி லேசாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் லேசாகவில்லை. பாத்திரம் கழுவினோம், அவள் துடைத்தாள். அடுத்த வருஷமும் வரட்டுமா அக்கா என்று கேட்டாள். அடுத்த வருஷத்த அடுத்த வருஷம் பாக்கலாம் என்றேன். நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டு சமாதானமாகிவிட்டோம் என்று நீ நிம்மதிப்பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் கொண்டுவந்த பாத்திரத்தைக் கழுவிக் கையோடு கொடுத்தனுப்பினேன், திருப்பிக் கொடுக்கிற சாக்கில் ஒரு வருகை வேண்டாம் என்று.

செத்தவர்களைக் கூப்பிடுவதற்கு நமக்கு ஒரு மாதம் இருக்கிறது, ஒரு முறை இருக்கிறது, பெயரைச் சொன்னால் வந்தார்கள் என்று நம்பிக்கொள்ளலாம். உயிரோடு இருக்கிற மகளை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உன்மேல் கோபம் போகவில்லை விஸ்மா, போனது மாதிரி எழுதவும் தெரியவில்லை. மிர்த்ஸா செய்த சீரகப் பாலாடைக்கட்டியை அல்மா கேட்டுக் கேட்டுத் தின்றாளாம். அவள் எப்போதும் உப்பை அள்ளிப் போடுவாள், பிள்ளைக்கு அவ்வளவு உப்பு ஆகாது.

உனக்கும் குழந்தைக்கும் நம் சாமி லாய்மா தாய் நல்ல விதியை எழுதட்டும், குளிரும் நோயும் அண்டாமல் காக்கட்டும். பார்சலில் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், சின்னது குத்துமதிப்பாகப் பின்னியது, பாதத்தின் அளவு எனக்குத் தெரியாது. நவம்பரில் மார்த்தின் நாள் பண்டிகைக்குச் சேவல் அடிப்பேன், தனியாகத்தான் தின்பேன். மறக்காமல் ஒன்று செய், வருகிற ஜூனில் எந்தக் கரையில் வேண்டுமானாலும் இறங்கு, ஆனால் எனக்குச் சொல்லிவிட்டு இறங்கு. நான் திட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. கதவு திறந்திருக்கும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
வெல்தா